ஒரு ரிங் விடும் பழக்கம்

செய்தி வந்தபோது மாலை மணி ஐந்து பதினாறு. கல்லூரி நூலகத்தில் அன்று திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் திரையில் அண்ணியின் பெயர்.

"பாப்பா, ஒங்க அண்ணன் போயிட்டாரு" என்றார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவரை டீ குடிக்க எழுப்பியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் ராக்கன் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார் என்றும், ஆட்டோவுக்கு இனி வேலை இல்லை என்று தனக்குத் தெரிகிறது என்றும் சொன்னார். நான்கு நிமிடம் பேசினோம். ஒரு சொல்கூட உடையவில்லை. "கேக்குதா, கேக்குதா" என்று இரண்டு பேரும் ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணி வீட்டுக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து அப்படிப் பேச முடிவது அண்ணன் செய்துவைத்த வேலை. இது எனக்கு உறைத்தபோது, ஊருக்குப் போகும் பஸ் மாத்தூரைத் தாண்டியிருந்தது.

அண்ணன் பெயர் மரியசெல்வம். வயது ஐம்பத்து நான்கு. கீரனூருக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் நடுவே உள்ள கிராமங்களுக்குப் பதினெட்டு வருடம் மினி பஸ் ஓட்டினார். ஊரில் பாதிப் பேர் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு ஊருக்குள் இல்லை. ஊரைவிட்டுத் தள்ளி, கொல்லைக் காட்டில், ஒரு பெரிய பாறைக்கும் கண்மாய்க் கரைக்கும் நடுவே பள்ளமாகக் கிடக்கும் இடத்தில் இருக்கிறது. அப்பா கட்டிய, தளம் போட்ட இரண்டு அறை வீடு. தண்ணீருக்குக் குறைவில்லை. டவர் மட்டும் கிடைக்காது.

கிடைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று கண்மாய்க் கரை. இன்னொன்று அடுப்படி ஜன்னலின் இரண்டாவது கம்பி. அந்தக் கம்பியில், யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பை ஒன்று கட்டியிருக்கும். வீட்டிலுள்ள இரண்டு போன்களும் அந்தப் பைக்குள் இருக்கும். மணி அடித்தால் பையிலிருந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் போய்விடும். பைக்குள் விரலை விட்டுப் பொத்தானை அமுக்கி, ஜன்னலைப் பார்த்துக் கத்த வேண்டும். வெளியே கட்டியிருக்கும் மாடு திரும்பிப் பார்க்கும்.

அதனால் எங்கள் வீட்டில் பேச்சைக் காட்டிலும் ரிங்கைத்தான் நம்பினோம். ஒரு ரிங் விட்டு வைத்தால், வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு ரிங் விட்டால், கரைக்குப் போய்த் திருப்பிக் கூப்பிடு என்று அர்த்தம். நான் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்தப் பழக்கம். ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் அறைக் கதவைத் திறந்ததும் ஒரு ரிங் விடுவேன். அண்ணன் எழுந்திருக்க மாட்டார். பையைப் பார்க்கவும் மாட்டார். படுத்தபடியே, "பாப்பா போய்ச் சேந்துட்டா" என்பார். அதோடு அண்ணி விளக்கை அணைப்பார்.

2021 கடைசியில் அண்ணனுடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று சொன்னார்கள். மினி பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். வாரத்தில் மூன்று நாள் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸ். அண்ணிக்குச் சர்க்கரை இருந்ததால் சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் சிறுநீரகத்துக்காகத் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் பெயர் பதிந்தோம். பதிவு செய்த ஒருங்கிணைப்பாளர் சத்யபிரியா என்ற பெண். பொறுமையாகப் பேசினார். அவர் சொன்னதில் ஒரு வரியை மட்டும் அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"எப்ப வேணாலும் கூப்பிடுவோங்க ஐயா. கூப்பிட்டா எடுக்கணும். எடுக்கலேன்னா அடுத்த பேருக்குப் போயிருவோம்."

படிவத்தில் இரண்டு எண்கள் கேட்டார்கள். அண்ணன் தன் எண்ணையும் அண்ணியின் எண்ணையும் கொடுத்தார். என் எண்ணைக் கொடுக்கச் சொன்னேன். "வேலைக்குப் போற புள்ள, ஒன்னைய எதுக்கு அலைக்கழிக்கணும்" என்றார். இரண்டு எண்ணும் ஒரே பைக்குள் கிடப்பவை என்று அங்கே நின்ற எங்கள் மூன்று பேரில் எவருக்கும் தோன்றவில்லை.

மறு வருடம் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, பாதிரியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும், ஐந்து மணி பஸ்ஸில் திருச்சிக்குக் கிளம்பினேன். வழியில் பஸ் டயர் பஞ்சராகி நின்றது. அறைக்கு வந்தபோது எட்டேகால். வழக்கம்போல ரிங் விட்டேன். எல்லைக்கு அப்பால் இருப்பதாகப் பெண்குரல் சொன்னது. வழக்கமாக அப்படிச் சொன்னால் இன்னொரு தடவை முயல்வேன். அன்று அலுப்பாக இருந்தது, முயலவில்லை.

மறுநாள் காலை அண்ணன் கரையிலிருந்து கூப்பிட்டார்.

"பாப்பா, நேத்து ஏழே முக்காலுக்கு நீ ரிங் விட்டியா?"

"எட்டேகாலுக்குண்ணே. அதுவும் போகல."

"சரி. அப்ப அது நீ இல்ல" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். ஏழே முக்காலுக்குப் பைக்குள் ஒரு ரிங் அடித்து நின்றிருக்கிறது. அண்ணன், "பாப்பா போய்ச் சேந்துட்டா" என்று சொல்லியிருக்கிறார். அண்ணி விளக்கை அணைத்திருக்கிறார். சத்யபிரியா இருபது நிமிடத்தில் இரண்டு எண்ணுக்கும் மாறி மாறி ஐந்து தடவை கூப்பிட்டிருக்கிறார். அதில் ஒன்றுதான் உள்ளே வந்து, ஒரு ரிங்கோடு அறுந்திருக்கிறது. காலையில் கரை மேல் ஏறியதும் ஐந்து தவறிய அழைப்புத் தகவலும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்திருக்கின்றன. சிறுநீரகம் அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "இனிமே ஒரு ரிங் விட்டுட்டு வைக்கிற பழக்கம் வேணாம் பாப்பா. அடிச்சா எடுக்கிற வரைக்கும் அடி. எடுக்கிறதுக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

என் எண்ணையும் பட்டியலில் சேர்த்தோம். சத்யபிரியா கேட்டார், "சரிங்க மேடம், நான் ஒங்கள்ட்ட சொல்லிட்டேன். நீங்க அவர்ட்ட எப்படிச் சொல்லுவீங்க?" ஊரில் ராக்கனைக் கூப்பிடலாம். அவரும் ஆடு ஓட்டிக்கொண்டு கரையில் இருந்தால்தான் கிடைப்பார். அண்ணனைத் திருச்சிக்கு வந்து என்னோடு இருக்கச் சொன்னேன். "மாட்டை ஒங்க ஹாஸ்டல் வார்டன்ட்ட விடவா?" என்றார். நான் ஹாஸ்டலை விட்டு அறை எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு அது ஹாஸ்டல்தான்.

முதலில் செய்தது தப்பாகப் போனது. கீரனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் நாகராசு, பூஸ்டர் என்று ஒரு பெட்டியைக் கொடுத்தார். போர்வெல் போட்டபோது மிஞ்சிய இரும்புக் குழாயை மொட்டை மாடியில் நட்டு, அதன் தலையில் ஆன்டெனாவைக் கட்டி, கம்பியை வீட்டுக்குள் இறக்கிப் பெட்டியில் செருக வேண்டும். ஆன்டெனாவை டவரைப் பார்த்துத் திருப்ப வேண்டும். டவர் எங்கே என்பதில் ஊரில் எவருக்கும் சந்தேகமே இல்லை. தெற்கே குன்றின் மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. எத்தனையோ வருடமாக எல்லாரும் அந்த விளக்கைப் பார்த்துத்தான் போனைத் தூக்கிப் பிடிக்கிறோம். கரையில் நின்று பேசுபவர்கள்கூட முகத்தை அங்கிட்டுத் திருப்பித்தான் பேசுவார்கள்.

பெட்டியைப் போட்டதும் போனில் எல்லாக் கோடும் வந்தது. அண்ணன் தாம்பூலப் பையை அவிழ்த்துவிட்டார். இரண்டு நாள் கழித்து ராக்கன் வந்து வாசலில் நின்றார்.

"டிரைவரே, ஒங்க வீட்டுல டவர நட்டதுல எங்க வீட்டு டவரு சாஞ்சு போச்சு."

"ஒனக்கு எப்பய்யா டவரு நின்னுச்சு?"

"கரையில நின்னுச்சுல்ல? அதுவும் போச்சு. மக கூப்புட்டா கொர கொரங்குது. எங்க ஆடு கூட நல்லா பேசும்."

"அப்ப ஆட்டையே எடுத்துப் பேசச் சொல்லு" என்றார் அண்ணன். ஆனால் அவர் போனிலும் கோடுகள் இருந்தனவே தவிர, பேச்சு பாதியில் அறுந்துகொண்டிருந்தது. ராக்கனிடம் அதைச் சொல்லவில்லை.

பத்து நாளில் ஜீப்பில் தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். கையில் மீன்முள் போல ஒரு ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரையிலிருந்து நடந்து நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள் என்று அண்ணி சொன்னார். அண்ணனுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். ஆளாளுக்கு இந்தப் பெட்டி வைக்கக் கூடாது, சட்டப்படி தப்பு என்று பெரியவர் சொன்னார். "நீங்க போடுற சத்தத்துல டவருக்குக் காது அடைச்சுக்கும்ங்க. சுத்தி இருக்கவங்க பேசுறது அதுக்குக் கேக்காது."

அண்ணன் சட்டைக் கையை மடித்து, டயாலிசிஸ் ஊசி போடும் கையைக் காட்டினார். காரணத்தைச் சொன்னார். அதிகாரி பெட்டியைக் கழற்றி எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு வெளியே வந்து குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"இது எங்கிட்டுப் பாத்து வச்சிருக்கீங்க?"

"அந்தா, செவப்பு லைட்டு."

"அது ஒங்க சிம் கம்பெனி டவர் இல்லீங்களே. அதுக்கும் ஒங்க போனுக்கும் சம்பந்தமே இல்ல."

அண்ணி அந்த இடத்தை எனக்குச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அண்ணன் சிவப்பு விளக்கையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தாராம். அதிகாரி ஒரு வழியும் சொல்லிவிட்டுப் போனார். சிம் போடும் ரவுட்டர் வாங்கி, அதற்கு வெளியே ஆன்டெனா வைக்கலாம், அதில் தப்பில்லை. ரவுட்டர் கொடுக்கும் வைஃபை வழியாகவே வீட்டுக்குள் சாதாரண அழைப்பு வரும். அதற்கு ஏற்ற போன் வேண்டும். முக்கியமாக, ஆன்டெனா சரியான திசையைப் பார்க்க வேண்டும்.

சரியான திசை எது என்று அன்று இரவு எனக்குக் கரையிலிருந்து போன் செய்து சொன்னார் அண்ணன். யாரையும் கேட்கவில்லை. தன் பஸ்ஸை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

"பாப்பா, நம்ம ரூட்டுல புளியமரத்து வளைவு இருக்குல்ல? ஊர்ல இருந்து ஏத்திட்டுப் போற வரைக்கும் பஸ்ஸுல ஒரு சத்தம் இருக்காது. அந்த வளைவுல திரும்புனதும் எல்லார் பையிலயும் டிங்கு டிங்குங்கும். கொலுசு கட்டுன மாதிரி. ஒடனே அம்புட்டு பேரும் அலோ அலோம்பாய்ங்க. பதினெட்டு வருசமா நாள் தவறாம கேட்டுருக்கேன். அங்க இருந்து செவப்பு லைட்டு தெரியவே தெரியாது. கீரனூர்ப் பக்கந்தான் தெரியும். பாறை அங்கிட்டுத்தான் மறைக்கிது."

அதன்படி, பாறையின் தோளைத் தாண்டி அந்தப் புளியமரத்தின் உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஆன்டெனா இருக்க வேண்டும். மொட்டை மாடியின் வடகிழக்கு மூலையில், இருபது அடி உயரத்தில் தெரிந்தது. ஏணியில் ஏறிப் பார்த்தவர் ராக்கன். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று அண்ணனுடைய இடது கைக்கு டாக்டர் உத்தரவு. ஏணியைத் தொட்டால் மாட்டை விற்றுவிடுவேன் என்று அண்ணி உத்தரவு.

ரவுட்டரை நான் வாங்கிப் போனேன். புதுப் போனும் வாங்கினோம். ரவுட்டருக்கான பக்கத்தைப் போனில் திறந்தால் சிக்னலை ஒரு எண்ணாகக் காட்டும். மைனஸ் நூற்றுப் பதினெட்டு, மைனஸ் நூற்றுப் பத்து என்று. முதல் நாள் நான் முகம் கழுவி வருவதற்குள் அண்ணனே பார்த்து, நூற்றுப் பதினெட்டு வருகிற பக்கமாகத் திருப்பி, நட்டையும் முறுக்க வைத்துவிட்டார். பெரிய எண் பெரிய சிக்னல் என்று எண்ணியிருந்தார். மைனஸை விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, "நம்ம கிரியாட்டினின் மாதிரியா? கூடக் கூடக் கேடு?" என்றார்.

"ஆமாண்ணே. அதே மாதிரிதான்."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

மறுபடி ராக்கன் ஏறினார். அடுப்படியில் நான் எண்ணைப் படிக்க, வாசலில் நின்ற அண்ணி அதைக் கத்த, முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்த அண்ணன் பஸ்ஸைப் பின்னால் எடுப்பது போலக் கையை ஆட்டி ராக்கனை ஓட்டினார்.

"நூத்திப் பதிமூணு!"

"ரைட்டு, வா, வா."

"நூத்தி ஏழு!"

"வா, இன்னும் கொஞ்சம் லெப்டுல ஒடி."

"குழாயைத் திருப்பச் சொல்றாரா, வண்டிய ஓட்டச் சொல்றாரா?" என்று மேலிருந்து ராக்கன் கேட்டார்.

"தொண்ணூத்தி நாலு!"

"ஹோல்டான்!"

ராக்கன் நட்டை முறுக்கினார். குழாயிலும் பிடியிலும் சேர்த்து ஒரு கோடு போடச் சொல்லி, என் கைப்பையிலிருந்த நகப்பூச்சை அண்ணன் மேலே கொடுத்தனுப்பினார். காற்றில் குழாய் திரும்பினால் கோடு விலகுவது தெரியும். கரண்ட் போனால் ரவுட்டர் நின்றுவிடும் என்று, பஸ்ஸில் வேலை செய்தபோது பழக்கமான மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு பேட்டரியையும் சேர்த்தார். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது, "போய்ச் சேந்ததும் பேசணும். ரிங் விட்டுட்டு வச்சிராத" என்றார். அறைக்கு வந்து கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து எடுத்தார். பதினொரு நிமிடம் பேசினோம். பேச ஒன்றும் இருக்கவில்லை. ஹாலுக்கு நடந்து வந்து, "இப்ப?" என்றார். கேட்கிறது என்றேன். படுக்கையறைக்குப் போய், "இப்ப?" என்றார். கேட்கிறது என்றேன். மாட்டுக் கொட்டகையில் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல், தினமும் காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து அந்த நகப்பூச்சுக் கோட்டைப் பார்ப்பார். பிறகுதான் முகம் கழுவுவார். டயாலிசிஸ் படுக்கையில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இரண்டு பேருக்கு, எந்தப் பக்கம் டவர் என்று அவர்கள் ஊர் பஸ் ரூட்டைக் கேட்டே சொல்லியிருக்கிறார். ஒருவர் இலுப்பூர்ப் பக்கம். சரியாக இருந்ததாம்.

2024 பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் மூன்று இருபத்தைந்துக்கு சத்யபிரியா கூப்பிட்டார். இரண்டாவது ரிங்கில் அண்ணன் எடுத்தார். கையில் சோறு இருந்தது. இனி எதுவும் சாப்பிட வேண்டாம், உடனே கிளம்பி வாருங்கள் என்றார்கள். ராக்கன் கார் பிடித்தார். ஐந்து மணிக்கு அண்ணன் மருத்துவமனையில் இருந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். ரத்தம் எடுத்தார்கள். படம் எடுத்தார்கள். கூப்பிட்டிருந்தது இரண்டு பேரை. அண்ணன் இரண்டாவது. முதலாமவருக்குப் பொருந்தாவிட்டால்தான் இவருக்கு. முதலாமவருக்குப் பொருந்தியது. அவர் மணப்பாறைப் பக்கத்தைச் சேர்ந்த சின்னப் பையன் என்று நர்ஸ் சொன்னார்.

காலையில் கேன்டீனில் அண்ணனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தார்.

"எடுத்தேனா இல்லையா?" என்று கேட்டார்.

"எடுத்தீங்கண்ணே."

"எத்தனாவது ரிங்கு?"

"ரெண்டாவது ரிங்குன்னு அண்ணி சொன்னாங்க."

"அது போதும். இனி அவங்க பாடு" என்றார்.

அதற்குப் பின் அழைப்பு வரவில்லை. போன மாதம், டயாலிசிஸுக்கு மறுநாள், மத்தியானத் தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது. இப்படி நடப்பது உண்டு என்று டாக்டர் சொன்னார்.

அடக்கத்தன்று வீட்டில் கூட்டம். எல்லார் பையிலும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வந்தவர்களில் பலர் அந்த வீட்டுக்கு முன்பு வந்தவர்கள். பேசுவதற்கு எழுந்து, பழக்கத்தில் கரையை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். "இங்கிட்டே நின்னு பேசுங்க, கேக்கும்" என்று ராக்கன் ஒவ்வொருவரையும் திருப்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் நான் சத்யபிரியாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அண்ணனை மறக்கவில்லை. பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். மூன்று எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, சரிதானா என்று கேட்டார். சரி என்றேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நேற்று போய் இன்று திரும்பினேன். அண்ணி இனி என்ன செய்வார் என்று பேசினோம். மாட்டை ராக்கன் வாங்கிக்கொள்வார். வீட்டை விட்டு வரமாட்டேன் என்றார் அண்ணி. "போன்தான் எடுக்குதே, தனியா இருக்கறதுக்கு என்ன" என்றார். காலையில் வாசலில் நின்று கோட்டைப் பார்த்தார். விலகவில்லை. பஸ் ஏறும்போது, அண்ணன் சொல்வதையே சொன்னார்: "போய்ச் சேந்ததும் பேசு பாப்பா. ரிங் விட்டுட்டு வச்சிராத."

அறைக்கு வந்தபோது ஏழரை. இப்போது பதினொன்றேகால். பேசினால், "பாப்பா போய்ச் சேந்துட்டா" என்று படுத்தபடியே சொல்ல அங்கே அண்ணன் இல்லை. வந்து சேர்ந்துவிட்டேன் என்று அண்ணிக்கு இன்னும் போன் செய்யவில்லை.